பத்தொன்பது மேற்படி

முதுகுக்குப் பின்னால் என்னை "மேற்படி மேடம்" என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. நகராட்சிக் கலை அருங்காட்சியகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பதிவாளராக உட்கார்ந்திருக்கிறேன். என் வண்டி ஓடுவதே அந்த ஒரு சொல்லில்தான். பதிவேட்டில் ஒரு வரிக்குத் தந்தவர் பெயர், வகை, நாள் மூன்றையும் முழுசாக எழுதிவிட்டால் போதும். அடுத்த வரியும் அதே ஆள் என்றால் "மேற்படி" என்று போட்டுக்கொண்டே போகலாம். கண் மேலே போய் ஆளைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கட்டடம் ஒரு பொத்தான் ஆலை முதலாளியின் வீடு. சட்டைப் பொத்தான் விற்றே மூன்று மாடி எழுப்பிய மனுஷர். பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்ட பிறகு வீட்டையும் அதிலிருந்த படங்களையும் சிலைகளையும் நகராட்சிக்கு எழுதிவைத்தார். எழுதும்போதே ஒரு கொக்கியும் போட்டார். அவர் தந்த பொருட்கள் இந்த வீட்டில் இருக்கும்வரைதான் நகராட்சிக்குச் சொந்தம். வீட்டை விட்டு நகர்ந்தால் வாரிசுக்குப் போக வேண்டும். ஐம்பத்து நான்கு வருஷம் அந்தக் கொக்கியை யாரும் கண்டுகொள்ளவில்லை. போன வருஷம் பின்பக்கச் சுவர் விரிசல் விட்டது. பொறியாளர்கள் வந்து சுவரைத் தட்டினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், அருங்காட்சியகத்தைப் புது நூலகத்தின் இரண்டாம் மாடிக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்கள். கொக்கி மாட்டிக்கொண்டது.

முதல் அறையில் இருப்பவை முதலாளியின் எண்ணெய் ஓவியங்கள். கப்பல், கப்பல், பழத்தட்டு, மறுபடி கப்பல். இரண்டாம் அறையில் சிலைகள். அதில் ஒரு பளிங்குப் பெண்ணுக்கு இடது கைக் கட்டைவிரல் கிடையாது. வருகிறவர்கள் எல்லாரும் அந்த விரலைப் பற்றித்தான் கேட்பார்கள், முகத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. மாடியில் இருப்பதெல்லாம் நகராட்சி பிற்பாடு வாங்கியது. அதற்கு இந்தக் கதையில் வேலையில்லை.

மூன்றாம் அறை வேறு மாதிரி. அங்கே பத்தொன்பது சின்னப் படங்கள். துணியில் வரைந்தவை அல்ல, பெட்டிப் பலகையில் வரைந்தவை. சிலவற்றின் பின்னால் "கவிழ்க்காதே" என்ற எழுத்து பாதி அறுபட்டு இன்னும் இருக்கிறது. எல்லாமே இந்த வீடு அருங்காட்சியகமாக மாறிய நாட்களின் படங்கள். ஒரு பெரிய சட்டத்தை நான்கு பேர் படியில் தூக்கிக்கொண்டு திணறுகிறார்கள். ஒருவன் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு சுவரில் அடிக்கிறான். ஒருவன் ஏணிக்குக் கீழே வாயைப் பிளந்து தூங்குகிறான். ஒரு சின்னப் பெண் மரத்தூள் குவியலின் மேல் ராணி போல உட்கார்ந்திருக்கிறாள். மொத்தமே நாலைந்து நிறங்கள்தான்: சன்னல் பச்சை, கதவுப் பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, கைப்பிடிக் கம்பியின் கறுப்பு, கொஞ்சம் சிவப்பு. வீட்டுக்கு அடித்த வர்ணத்தில் மிச்சம் என்று பார்த்தாலே தெரியும்.

அந்த அறையின் காவலரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தொரு வருஷமாக அதே அறை, அதே மூலை, நாற்காலி மட்டும் மூன்று மாறியிருக்கிறது. வேறு அறைக்கு மாற்றினால் மறுநாளே காய்ச்சல் என்று விடுப்புக் கடிதம் வரும். அவள் அப்பா இந்த அருங்காட்சியகத்தின் முதல் தச்சர். அவளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது இறந்துபோனார். மூன்றாம் அறைப் படங்கள் அவர் வரைந்தவை என்பது அவள் பேச்சு. மரத்தூள் மேல் உட்கார்ந்திருப்பது தான் என்றும் சொல்வாள்.

பேச்சு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது எழுத்தில் இல்லை. நான் வேலையில் சேர்ந்த வருஷம்தான் எல்லாப் படங்களுக்கும் பெயர்ப்பலகை வைத்தோம். பதிவேட்டைப் பார்த்து நானே தட்டச்சு அடித்தேன். மூன்றாம் அறைக்கு அடித்தது இது: "தந்தவர்: பொத்தான் ஆலை முதலாளி. வரைந்தவர்: தெரியவில்லை." மாட்டிய அன்றே அக்கா என் மேசைக்கு வந்தாள்.

"மேடம், அது எங்கப்பா வரைஞ்சது. தெரியலைன்னு போட்டிருக்கீங்களே, என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"பதிவேட்டுல அப்படி இல்லையேக்கா. முதலாளி குடுத்ததுன்னு இருக்கு."

"சன்னல் பச்சையைப் பாருங்க மேடம். அவர் அடிச்ச பச்சை."

"சன்னலைக் கூப்பிட்டு சாட்சி வாங்க முடியாது."

நன்றாகச் சொல்லிவிட்டதாக அன்று எனக்குப் பெருமை வேறு. அதன்பிறகு மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தாள். மூன்றுக்கும் பதில் தயாரித்தது நான். "பதிவேட்டின்படி மேற்படி பொருட்கள் மேற்படி நன்கொடையாளருடையவை ஆதலால் தங்கள் கோரிக்கை ஏற்கத்தக்கதன்று." மூன்றாவது பதிலை வாங்கி நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போனவள், அதோடு மனு போடுவதை விட்டுவிட்டாள்.

வாரிசு என்று வந்தவர் முதலாளியின் பேரன், ஒரு பல் டாக்டர். சாதுவான ஆள். பதினெட்டாம் தேதி வந்து எடுத்துக்கொள்வதாகவும், அதற்குள் பட்டியல் தயாராக இருந்தால் நல்லது என்றும் எழுதியிருந்தார். பெரிய கப்பல்கள் வீட்டுக்காம். சின்னப் படங்களை மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் மாட்டலாம் என்று இருக்கிறாராம்.

செய்தி எப்படியோ மூன்றாம் அறைக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அக்கா என் மேசை முன்னால் நின்றாள்.

"பட்டியல்ல எங்க அறையும் உண்டா?"

"உண்டுக்கா."

"பல்வலிக்காரங்க கன்னத்தைப் புடிச்சிக்கிட்டுப் பாக்கறதுக்கா எங்கப்பா வரைஞ்சாரு?"

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பேர்கூட வேணாம் மேடம். தெரியலைன்னே இருக்கட்டும். எடுத்துக்கிட்டுப் போகாமப் பண்ணுங்க, அது போதும். அவர் முகம் எனக்கு மறந்து போச்சு. கைதான் அந்தப் பலகையில இருக்கு."

பதினெட்டாம் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. "பார்க்கிறேன்" என்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் சொன்ன வாய்க்காகப் பழைய பதிவேட்டைச் சன்னல் ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.

அந்தக் காலத்துக் குமாஸ்தா தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுவார். பொருட்களுக்குத் தொடர் எண் கிடையாது, அறைவாரியாக ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். ஒன்று முதல் நான்காம் தாள் வரை முதல் அறை. ஐந்து முதல் எட்டு வரை இரண்டாம் அறை. அதன் கடைசி வரி கட்டைவிரல் இல்லாத பளிங்குப் பெண், தந்தவர் முதலாளி, வகை நன்கொடை. ஒன்பதாம் தாள் மூன்றாம் அறை. பொருளும் அளவும் மட்டும் எழுதியிருக்கும். தந்தவர், வகை, நாள் மூன்றுக்கும் முதல் வரியிலிருந்தே மேற்படி, மேற்படி, மேற்படி. பத்தொன்பது வரியும் அப்படித்தான். பத்து முதல் பதினான்கு வரை மேசை, பெஞ்சு, தட்டுமுட்டுச் சாமான்.

ஒன்பதாம் தாளைப் புரட்டத் தூக்கியபோது வெயில் அதன் வழியாக வந்து எட்டாம் தாளின் மேல் இரண்டு பொட்டாக விழுந்தது. பூச்சி அரித்த துளைகள், கீழ் மூலையில், பக்கத்தில் பக்கத்தில். எட்டாம் தாளைப் பார்த்தேன். துளை இல்லை. பத்தாம் தாளிலும் இல்லை. பதினொன்றிலும் பன்னிரண்டிலும்கூட இல்லை. பதின்மூன்றில் இருந்தது. பதினான்கில் இருந்தது, அதே மூலையில், அதே இடைவெளியில்.

பூச்சி தாண்டிக் குதித்து விட்டு விட்டுத் தின்னாது. பின் அட்டையிலிருந்து நுழைந்து வந்த வழியே நேராகத் தின்றிருக்கிறது. அப்படியானால் ஒன்பதாம் தாள் இருந்த இடம் கடைசி, பதினான்குக்கும் பிறகு. பதினான்காம் தாளின் கடைசி வரியைப் படித்தேன். "மர ஏணி, பதினோரு படி. ஒன்று." தந்தவர் என்ற இடத்தில் அக்காவின் அப்பா பெயர், பக்கத்தில் தச்சர் என்று. வகை: "இரவல். கேட்கும்போது திருப்பித் தரப்படும்."

அதற்குக் கீழேதான் பத்தொன்பது மேற்படியும் வரவேண்டும்.

அந்த ஏணி இன்னும் எங்களிடம் இருக்கிறது. நேற்றுகூட அதில் ஏறித்தான் கப்பல்களை அளந்தேன்.

தாளை யார் மாற்றி வைத்தது என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தாள் எண்கள் நீல மையில் இருந்தன. என் கையெழுத்து. வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், தையல் விட்டு உதிர்ந்துபோன பதிவேட்டைக் கட்டுப் போட நான்தான் எடுத்துப் போனேன். "வரிசைப்படுத்திக் குடுத்துடுங்கம்மா, நான் தைக்கறதோட சரி" என்றார் பைண்டர். அவர் கடைத் தரையில் உட்கார்ந்து அடுக்கினேன். முதல் அறை, இரண்டாம் அறை, அதற்கப்புறம் தட்டுமுட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் மூன்றாம் அறை. "ச்சே, என்ன ஆளுய்யா இந்தக் குமாஸ்தா, ஒண்ணு ரெண்டு மூணுகூடத் தெரியாதா" என்று வாய்விட்டே சொன்னேன். சொல்லிக்கொண்டே அந்தத் தாளை உருவி இரண்டாம் அறைக்குப் பின்னால் செருகினேன். பிறகு ஒன்றிலிருந்து எண் போட்டேன். அப்போதைய காப்பாட்சியர் என் ஒழுங்கைப் பாராட்டினார்.

சாப்பாட்டு நேரம் முழுக்க டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதைப் பார்த்தது நானும் பூச்சியும்தான். பூச்சி செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அக்கா அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறாள். ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் படங்கள் போய்விடும், ஒன்பதாம் தாள் ஒன்பதாகவே இருக்கும். அப்படி நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

இரண்டு மணிக்குப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு காப்பாட்சியரின் அறைக்குப் போனேன். இந்தப் பத்து வருஷத்தில் நான் பார்க்கும் மூன்றாவது காப்பாட்சியர். நல்ல பையன்தான், காகிதத்தைக் கண்டால் மட்டும் ஆகாது. கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"விட்டுடுங்க மேடம். எப்படியும் போகப்போற படம். நமக்கு எதுக்கு வம்பு?"

"நமக்கு இல்ல சார். எனக்கு."

"அதைத்தான் சொல்றேன். பதிவேட்டைக் கலைச்சது நீங்கன்னு நீங்களே எழுதிக் குடுத்தா விளக்கம் கேப்பாங்க. பதவி உயர்வு உங்களுக்குத்தான்னு பேச்சு இருக்கற நேரத்துல…"

"கலைக்கலை சார். ஒழுங்குபடுத்தினேன். அதான் கோளாறு." என் குரல் உயர்ந்துவிட்டது. "உங்க பேனாவைக் கொஞ்சம் குடுங்க. என் பேனா கீழ இருக்கு. கீழ போய்ட்டு வந்தா மனசு மாறினாலும் மாறிடும்."

அவர் பேனாவைக் கொடுத்தார். அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். தாளை இடம் மாற்றியது நான், மூன்று மனுவுக்கும் தவறான பதில் தந்தது நான். முதல்முறையாக ஒரு கடிதத்தில் மேற்படி என்ற சொல்லே வராமல் எழுதினேன்.

அதற்கப்புறம்தான் கஷ்டமான வேலை. மூன்றாம் அறையில் பார்வையாளர் யாரும் இல்லை. அக்கா மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உங்கப்பா இந்த ஆபீசுக்கு ஒரு ஏணி இரவல் குடுத்திருக்காரு, தெரியுமா?"

"தெரியும். பதினோரு படி. அஞ்சாவது படி அவர் மாத்திப் போட்டது. அதுக்கென்ன இப்போ?"

பதிவேட்டைத் திறந்து அவள் மடியில் வைத்துத் துளைகளைக் காட்டினேன். ஏணி வரியைக் காட்டினேன். மேற்படி எந்த மேற்படி என்று சொன்னேன். முதலாளியுடையதும் இல்லை, நகராட்சியுடையதும் இல்லை, இரவல்தான், ஆக இப்போது உங்களுடையது என்று சொன்னேன். அவள் விரல் அப்பாவின் பெயரின் மேலேயே நின்றது.

"தாளை மாத்தி வெச்சது யாரு?"

"நான்தான்."

"தெரிஞ்சா?"

"தெரியாமத்தான். சரி பண்றதா நெனச்சேன்."

அவள் பதிவேட்டை மூடி என்னிடம் நீட்டினாள். "இருபத்தாறு வருஷமா தெரியவில்லை, தெரியவில்லைன்னு அந்த அட்டையைத் துடைச்சிருக்கேன். தினம் ஈரத்துணி வெச்சி." எழுந்து நின்றாள். "போயிடுங்க மேடம். இப்ப என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

போய்விட்டேன். நன்றி சொல்வாள் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. நல்ல ஆள்தான் நான்!

பதினெட்டாம் தேதி பல் டாக்டர் வந்தார். பதிவேட்டை அவர் முன்னால் விரித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டித் துளைகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஓட்டையைப் பாத்துட்டு எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்றதுதான் என் பொழப்பு," என்றார். "இது பின்னாலேர்ந்து வந்திருக்கு. சந்தேகமே இல்ல. எங்க தாத்தாவோடது இல்லாதது எனக்கு எதுக்குங்க? காத்திருப்பு அறைக்கு நாலு காலண்டர் மாட்டிக்கறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பல்களோடு போய்விட்டார். இவ்வளவு சுலபமாக முடியக்கூடிய விஷயத்துக்கா மூன்று மனு, மூன்று பதில் என்று எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. விரல் இல்லாத பளிங்குப் பெண்ணை ஆறு பேர் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காப்பாட்சியர் இரவல் திருப்பித் தரும் படிவத்தை அக்காவிடம் கொடுத்தார். "வண்டி வேணும்னா ஏற்பாடு பண்றேன்க்கா" என்றார். அக்கா ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அந்த ஒரு நாளும் வழக்கம்போல மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு படமாக எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததாக அடுத்த அறைக் காவலர் சொன்னார். என்னிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த இருபத்தாறு வருஷத்தில் என் எதிரே அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வீட்டுக்குக் கொண்டுபோனா மொத்தம் நாலு பேர் பாப்போம். அதுலயும் ரெண்டு பேர் போனைத்தான் பாப்பாங்க," என்றாள். "படமெல்லாம் புதுக் கட்டடத்துக்கே போகட்டும். நான் குடுத்ததா எழுதிக்கோங்க. ஏணியை மட்டும் எடுத்துட்டுப் போறேன்."

"ஏணியையா?"

"ஆமா. அதுவும் இரவல்தானே? கேட்கும்போது தரணும்னு எழுதியிருக்கில்ல? கேக்கறேன்." சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, வரவில்லை. "இன்னொண்ணு. இப்பவே எழுதுங்க. நான் பாக்கணும்."

புதிய பதிவேட்டை எடுத்தேன். பழையதில் வரைந்தவர் என்று ஒரு கட்டமே கிடையாது. அளவுகோலை வைத்துக் கோடு போட்டு அந்தக் கட்டத்தை உண்டாக்கினேன். முதல் படம்: படியில் சட்டம் தூக்குவோர். வரைந்தவர் கட்டத்தில் அவள் அப்பாவின் பெயர், தச்சர் என்று முழுசாக எழுதினேன். தந்தவர் கட்டத்தில் அவள் பெயர், காவலர், மூன்றாம் அறை. இரண்டாம் வரிக்கு வந்தேன். பழக்கதோஷம், பேனா தானாகவே "மே" என்று போட்டுவிட்டது.

அக்கா மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"அப்பாவுக்கு அதைப் போடாதீங்க மேடம். எனக்கு வேணும்னா போட்டுக்கோங்க, நான் இங்கயேதான் இருக்கேன். அவருக்கு மட்டும் முழுசா எழுதுங்க. எத்தனை படமோ அத்தனை தடவை."

அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, முழுசாக எழுதினேன். மூன்றாம் வரி, நான்காம் வரி. அவள் கையைக் கட்டிக்கொண்டு தலைகீழாகவே படித்துக்கொண்டு வந்தாள். ஆணி கவ்வியவன், தூங்குகிறவன், ஒவ்வொன்றுக்கும் அவர் பெயர். கடைசி வரி, மரத்தூள் மேல் சிறுமி. நாலரை மணிக்கு முடிந்தபோது என் மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது.

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். வரைந்தவர் கட்டத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே கீழே வரை வந்தாள். பிறகு பக்கத்துக் கட்டத்துக்குப் போனாள். அங்கேயும் பத்தொன்பது முறை அவள் பெயர் முழுசாக இருந்தது.

"எனக்கு அந்த மேற்படி போதும்னு சொன்னேனே."

"கை வரலைக்கா," என்றேன்.